ஜோடி விசில்

ஜூன் 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். தோன்றினால் கிழித்துவிடு, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழி.

போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் உன்னோடு பேசும்போது நான் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுகிறேன். அங்கே மழை உண்டா, மாப்பிள்ளை எந்த ரூட்டில் பஸ் ஓட்டுகிறார், இவ்வளவுதான் அவர் கேட்பார். அதற்குமேல் வாய் வராது. பேசி முடித்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். ஊருக்கெல்லாம் எலக்ட்ரீஷியன், வீட்டுக்குள் ஒரு விஷயத்தைச் சரிசெய்யத் தெரியாது. என்னிடமும் அவர் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளி திறந்துவிட்டது. என்னை வகுப்புக்குள் விடுவதில்லை, விசாரணை முடியும்வரை வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். போகிற வழியில் எட்டிப் பார்க்கிறேன். முன்சுவரில் நானே பெயிண்டால் எழுதியிருந்தேனே, திங்கள் களிமண், செவ்வாய் தோட்டம், புதன் பாட்டு, வியாழன் பொம்மலாட்டம், வெள்ளி நீச்சல் என்று, அதன்மேல் வெள்ளை அடித்துவிட்டார்கள். மட்டமான சுண்ணாம்பு, எழுத்தெல்லாம் அடியிலிருந்து தெரிகிறது. ஐந்து நாளும் இப்போது கூடுதல் கணக்கு. பழைய காலுறையில் பிள்ளைகள் தைத்த பொம்மைகளைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். பாட்டு டீச்சரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. உன் பிள்ளை பட்டாணி ஒரு தகர டப்பாவில் நட்ட அவரைச் செடியை மட்டும் நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவனுக்குப் பட்டாணி என்று பெயர் வைத்தது நான்தான், அவரையை நட்டுவிட்டு "அத்தை டீச்சர், நான் பட்டாணிதானே, இது எனக்கு என்ன முறை?" என்று கேட்டான். அன்று எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கடைசிப் பத்தி இதுதான். ஜூலை பதினெட்டாம் தேதி கல்வி அலுவலகத்தில் விசாரணை. பிள்ளையின் தாய் என்று உன்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ கட்டாயம் வா. வந்து உன் மனதில் இருப்பதைச் சொல். எனக்காகவோ உன் அண்ணனுக்காகவோ எதையும் குறைத்துச் சொல்லாதே.

அண்ணி

*

ஜூன் 20

அண்ணி,

கிழிக்கவில்லை. முழுக்கப் படித்தேன்.

குறைத்துச் சொல்லாதே என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறைக்கிற எண்ணமே எனக்கு இல்லை. போனை எடுக்காததற்குக் காரணம் கேட்டால், உங்கள் குரல். அந்தக் குரலில் நீங்கள் "சரி" என்று சொன்னதைத்தான் கூட இருந்தவர்கள் எல்லோரும் என்னிடம் சொன்னார்கள்.

இந்த ஊரில் எனக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிற கவுண்டர். காலையிலிருந்து பிள்ளை பேர் என்ன, வயசு என்ன, என்ன தொந்தரவு என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது ஏழு வயசு என்று சொன்னால் என் பேனா நின்றுவிடுகிறது. பக்கத்து கவுண்டர்காரி முதலில் கிண்டல் செய்தாள். விஷயம் தெரிந்த பிறகு, ஏழு வயசுப் பிள்ளைகளை அவளே தன் பக்கம் கூப்பிட்டுக்கொள்கிறாள்.

நீச்சல் வகுப்பில் நீங்கள் ஊதுகிற ஜோடி விசிலைப் பட்டாணி எங்கள் வீட்டிலும் நடத்தினான், அது உங்களுக்குத் தெரியாது. சாப்பிட உட்காருவோம். திடீரென்று வாயாலேயே "பீப்" என்பான். உடனே நான் அவன் கையைக் கோத்து மேலே தூக்க வேண்டும். கையில் சாப்பாடு ஒட்டியிருந்தாலும் தூக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால், "போச்சு! அம்மா, உன்னால எல்லாரும் கரையேறணும். அடுத்த வெள்ளிக்கிழமை நாம ரெண்டு பேரும் குளிர்ல உக்காரணும்" என்று திட்டுவான். அவன் அப்பா லீவில் வந்தால் அவருக்கும் ஒரு கை. மூன்று பேர் வந்தால் ஜோடி எப்படி என்று கேட்டதற்கு, "அத்தை டீச்சர் எதையாவது கண்டுபிடிப்பாங்க" என்றான். உங்கள்மேல் அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு.

எனக்கும் இருந்தது. பக்கத்திலேயே வேறு பள்ளி இருந்தும் உங்கள் பள்ளிக்கு அவனை அனுப்பினேன். நீச்சல் வேண்டாம் என்றேன். "நான் இருக்கேன்ல பாப்பா" என்றீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். மற்றவர்கள் சொன்னதெல்லாம் கேட்டாயிற்று, உங்கள் வாயால் கேட்கவில்லை. அன்று விசில் ஊதினீர்களா? எண்ணினீர்களா? அவனுடைய ஜோடி அந்த வாயாடிப் பெண், அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். செடியை அனுப்பி வைக்க வேண்டாம்.

*

ஜூன் 27

அன்புள்ள பாப்பா,

விசில் ஊதினேன். பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். நான் எண்ணவில்லை. ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் "சரி" என்று சொன்னேன். அலுவலகத்துக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றியபோதுதான் அவன் இல்லாதது தெரிந்தது. பயிற்சியாளர் குதித்தார். அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஆழத்தில் இருந்தான்.

எண்ணாததற்குக் காரணம் கேட்பாய். காரணம் இல்லை. கவனம் வேறெங்கோ போயிருந்தது.

நீச்சலை ஏன் பள்ளிக்குள் கொண்டுவந்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ள அல்ல. நம் தெருவுக்குப் பின்னால் கல் வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறதே, அதில் என் மாணவர்கள் இருவரை இழந்திருக்கிறேன். நீந்தத் தெரிந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நகராட்சிக் குளத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். முதல் வருஷம் பெயர் கூப்பிட்டுத்தான் பிள்ளைகளைச் சரிபார்த்தேன். கடைசிப் பெயருக்கு வருவதற்குள் முதல் பிள்ளை மறுபடி தண்ணீருக்குள் குதித்திருக்கும். பாதிப் பேர் உதடு நீலமாகி நடுங்குவார்கள். அதனால்தான் ஜோடி விசிலைக் கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு ஜோடி, விசில் கேட்டதும் கையைக் கோத்து மேலே தூக்க வேண்டும், கோத்த கைகளை எண்ணினால் முடிந்தது வேலை. வேறு பள்ளிகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடி சேராமல் நிற்கிற பிள்ளைகள் அடுத்த வாரம் தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற தண்டனையையும் நான்தான் சேர்த்தேன். விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

மூன்றாவது கேள்வியை விட்டுவிடு, பாப்பா. வாயாடி ஒரு சின்னப் பெண். தண்ணீரில் இருக்கும் பிள்ளைகள் நூறு பக்கம் திரும்புவார்கள். அவளிடம் எந்தத் தப்பும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. விசாரணையிலும் அவள் பேச்சை எடுக்காதே. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அண்ணி

*

ஜூலை 2

அண்ணி,

நீங்கள் ஒருவரைப் பற்றிப் பேசாதே என்றால் அவரே என் முன்னால் வந்து நிற்கிறார். புதன்கிழமை வாயாடி என் கவுண்டருக்கு வந்தாள்.

பக்கத்து கவுண்டர்காரி அன்று லீவு. குனிந்தபடியே கேட்டேன், பேர் என்ன, வயசு என்ன. ஏழு என்ற குரல் எங்கேயோ கேட்ட குரல். நிமிர்ந்தால் தையல்கடைக்காரம்மா, அவளுடைய அம்மா. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் இங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது.

"என்ன தொந்தரவு?" என்றேன். வேலை அது, கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"பேச மாட்டேங்கிறா. அந்த நாள்லருந்து ஒரு வார்த்தை இல்ல. ஊர்ல பாக்காத டாக்டர் இல்ல. தொண்டையில ஒண்ணும் இல்லைங்கிறாங்க. இங்க மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காங்கன்னு கூட்டிட்டு வந்தேன்."

வாயாடி பேச மாட்டேன் என்கிறாள்! பொம்மலாட்டத்தில் ராஜா, ராணி, கழுதை, மழை எல்லாவற்றுக்கும் அவளே குரல் கொடுப்பாள், எனக்கு ஒரு வார்த்தை விடமாட்டேங்கிறாள் என்று பட்டாணி வந்து புகார் சொல்வானே, அந்தப் பெண். அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைத் தெரிந்தது என்று கண்ணிலேயே தெரிந்தது.

சொல்லாமல் மறைத்து என்ன பயன், எனக்கு அவளைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. இவள் நிற்கிறாள், அவன் இல்லையே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வாசலில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடச் சொல்லி வாட்ச்மேன் விசில் அடித்தார். உடனே அவள் பையை விட்டாள். தன் இரண்டு கைகளையும் தானே கோத்துக்கொண்டு தலைக்கு மேலே நேராகத் தூக்கினாள். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் என்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை.

"எந்த விசில் கேட்டாலும் இப்படித்தான் பண்றா. இறக்கவைக்க அரை மணி நேரம் ஆகும்" என்று அவளுடைய அம்மா அழுதார்.

அண்ணி, ஜோடி விசிலுக்குப் பக்கத்தில் இருப்பவன் கையைத்தானே பிடிக்க வேண்டும்? இவள் ஏன் தன் கையையே பிடித்துக்கொள்கிறாள்?

*

ஜூலை 5

பாப்பா,

அதிர்ச்சியில் பிள்ளைகள் எதையாவது செய்வார்கள். அதற்கு அர்த்தம் தேடாதே. அடுத்த தடவை அவள் வந்தால் பக்கத்து கவுண்டருக்கு அனுப்பிவிடு. அவளிடம் எதுவும் கேட்காதே. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி

*

ஜூலை 8

அண்ணி,

நீங்கள் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் வாழ்த்தே இரண்டு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று என் இரண்டு கைகளையும் கோத்துத் தூக்கிப் பார்த்தேன். பிறகு பின்னால் நகர்ந்து போய் இன்னொரு தடவை தூக்கிப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் கை கோத்த மாதிரியேதான் இருக்கிறது.

நீங்கள் அன்று எண்ணினீர்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதனால்தான் "சரி" என்றீர்கள்.

இத்தனை மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள். நான் காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன்னால் உங்களைத் திட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. அந்தத் திட்டு இல்லாமல் என்னால் ஒரு நாளையும் ஓட்டியிருக்க முடியாது. அதுவும் பொய்யின்மேல் நின்றதா? உண்மையை எழுதுங்கள். எழுதாவிட்டால் பதினெட்டாம் தேதி கண்ணாடியில் பார்த்ததை அங்கே எல்லோர் முன்னாலும் செய்துகாட்டுவேன்.

*

ஜூலை 11

பாப்பா,

உன்னிடம் பொய் சொன்னேன். அலுவலகத்திலும் சொன்னேன். உன் அண்ணனிடமும்தான்.

எண்ணினேன். எப்போதும் எண்ணுவது போல விரல் நீட்டி எண்ணினேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசியது, முகங்கள் தெரியவில்லை, கோத்த கைகள் தெரிந்தன. ஒரு ஜோடியும் குறையவில்லை. சரி என்றேன்.

அவனைத் தூக்கிக் கரையில் போட்டுப் பயிற்சியாளர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். நான் மற்றப் பிள்ளைகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்க வைத்தேன். வாயாடி மட்டும் திரும்பவில்லை. கைகள் இன்னும் கோத்தபடி இருந்தன. "டீச்சர், நான்தான் ரெண்டு கையையும் தூக்கினேன்" என்றாள். சொன்னதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் விடவில்லை. அவள் தோளைப் பிடித்து, "யார்கிட்டயும் சொல்லக்கூடாது. அம்மாகிட்டகூட. இனிமே இதப்பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது, புரியுதா?" என்றேன். தலையாட்டினாள்.

அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் எண்ணவில்லை என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது அதுதான். பிறகு யோசித்தபோதும் அதுவே சரியென்று பட்டது. நான் எண்ணினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எப்படி எண்ணிக்கை சரியாக இருந்தது என்பது. அதற்கு அடுத்தது அவள்தான். ஒரு நீளமான மேஜைக்கு முன்னால் அவளை நிற்க வைத்து, நீ ஏன் பொய்யாகக் கையைத் தூக்கினாய் என்று பெரியவர்கள் கேட்பார்கள். அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிடும். அவள் வளர்ந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றாலும், ஒரு பையனைச் சாகவிட்டவள் என்ற பேச்சுக் கூடவே போகும். எனக்கு அந்தப் பேச்சு ஒட்டினால் பரவாயில்லை. வாழ்ந்த வரைக்கும் போதும் என்று சொல்கிற வயது வந்துவிட்டது. அவளுக்கு ஏழு வயதுதான், பாப்பா.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்பாய். வெறுக்க உனக்கு யாராவது வேண்டியிருந்தது. அவளை வெறுப்பதைவிட என்னை வெறுப்பது நல்லது என்று நினைத்தேன்.

பதினெட்டாம் தேதி நீ உண்மையைச் சொன்னால் என் வேலை ஒருவேளை தப்பிக்கும். வேண்டாம். நான் எண்ணவில்லை என்றே சொல்லிவிடு.

அண்ணி

*

ஜூலை 24

அண்ணி,

விசாரணை அறையில் நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். உங்கள் செருப்பு இரண்டும் வேறு வேறு. அதைக் கவனித்துச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லையே என்று அண்ணன்மேல் கோபம் வந்தது.

அதிகாரி கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும். "டீச்சர் எண்ணினாங்களா இல்லையா, உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுங்கம்மா." நான், "பிள்ளைங்கள எண்ணலைங்க" என்றேன். அதோடு முடித்துக்கொண்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. கையைத்தான் எண்ணினீர்கள், பிள்ளைகளை எண்ணவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வெயில் கூசினால் கையை வைத்து மறைத்துப் பார்த்திருக்கலாம். ஆகவே நீங்கள் கேட்டுக்கொண்டதற்காகச் சொன்னேனா, கோபத்தில் சொன்னேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. இரண்டும் இருக்கும்.

வேலையைவிட்டு எடுத்துவிட்டதாகவும், இனி எந்தப் பள்ளிக்குள்ளும் போகக் கூடாது, அந்த மாணவர்கள் யாரையும் சந்திக்கக் கூடாது என்றும் உத்தரவு வந்ததாக அண்ணன் சொன்னார். இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

இனிமேல் நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று அவளிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எத்தனை வருஷம் பாடம் நடத்தினீர்கள், உங்களுக்கு இது தெரியவில்லையா? அவள் உங்கள் மாணவி. விசில் ஊதினால் கையைத் தூக்குகிறவள். பேசக்கூடாது என்றீர்கள், பேசவில்லை. அதைப் பற்றி மட்டும் பேசாமல் மற்றதைப் பேச ஏழு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எங்கே வாய் தவறிவிடுமோ என்று மொத்தமாக மூடிக்கொண்டாள். அவளை மேஜையிலிருந்து காப்பாற்றினீர்கள், சரி. உங்களிடமிருந்து யார் காப்பாற்றுவது?

நேற்று அவள் வந்தபோது நான் கவுண்டரைவிட்டு வெளியே வந்தேன். அவள் முன்னால் குனிந்து, "இனிமே பேசலாம்மா, டீச்சர் சொல்லச் சொன்னாங்க" என்றேன். அவள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று பார்த்தாள். இல்லை என்றதும் உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். என் பேச்சு எடுபடாது. பூட்டியவர்தான் வந்து திறக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வாருங்கள். தையல்கடைக்காரம்மாவிடம் பேசிவிட்டேன், அவளைக் கூட்டி வருவார். உத்தரவு இருக்கட்டும். அண்ணன் மனைவி நாத்தனார் வீட்டுக்கு வருவதை எந்த ஆபீஸ் தடுக்கும்? நான் உங்களோடு உட்கார மாட்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்பதை என் காதால் கேட்கவும் முடியாது. பிறகு எழுதி அனுப்புங்கள், படித்துக்கொள்கிறேன். உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். அந்தச் செடியைக் கொண்டு வாருங்கள். ஒரே மாதிரி செருப்புப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

பாப்பா

*

ஜூலை 30

அன்புள்ள பாப்பா,

நீ கதவைத் திறந்தாய், செடியை வாங்கி ஜன்னலில் வைத்தாய், சமையலறைக்குள் போய்க் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாய். அதன் பிறகு நடந்ததை எழுதச் சொன்னாய். நான்கு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

அவள் அம்மா வாசல் படியில் உட்கார்ந்தார். நான் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் டீச்சர் ஆகிவிடுவேன். "வாயாடி, அன்னைக்குப் பேசக்கூடாதுன்னு சொன்னேன்ல, அது தப்பு. டீச்சர் தப்பா சொல்லிட்டேன். இப்ப எல்லாம் சொல்லலாம்" என்றேன். ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லும்போது நான் அழுதுவிட்டேன்.

அப்போது கேட்டாள். குரல் கரகரத்தது, பழைய குரல் இல்லை. "டீச்சர், அன்னைக்கு என் கைய எண்ணினீங்களா?"

ஊருக்கெல்லாம் எண்ணவில்லை என்று எழுதிக் கொடுத்தவள் நான். அவளிடம் அந்தப் பொய் வரவில்லை. "எண்ணினேன்டா" என்றேன்.

"அது ஒரே ஆளோட கை டீச்சர். உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்றேன். என்னைக் குற்றம் சொல்லவில்லை அவள். கணக்கில் டீச்சர் ஒரு தப்புச் செய்துவிட்டால் பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்களே, அந்த ஆச்சரியம்தான் இருந்தது. விசாரணை நடத்தியவர்கள் யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

அதன் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அன்று நான் வாயெடுக்கவிடாமல் தடுத்தது இதைத்தான்.

"நான் புடிச்சு மிதக்கற பலகை கயித்துக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு டீச்சர். நான் அழுதேன். பட்டாணி, அழாத, நான் எடுத்துட்டு வர்றேன்னான். விசில் அடிச்சா என்ன பண்றதுன்னு கேட்டேன். ஜோடி இல்லைன்னா அடுத்த வாரம் ரெண்டு பேரும் கரையில உக்காரணும்ல. நான் வர்ற வரைக்கும் எனக்கும் சேத்துத் தூக்குன்னு சொன்னான். அதான் தூக்கினேன்."

வாசலில் அவள் அம்மா வாயில் துணியை வைத்து அடக்கிக்கொண்டார். எனக்கு அந்தத் தண்டனை ஞாபகத்துக்கு வந்தது. விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நான் சேர்த்த தண்டனை. அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே இல்லை, பாப்பா.

பிறகு கொஞ்சம் பேசினாள். செடியில் பூ வந்திருக்கிறது என்றாள். பொம்மைகள் எங்கே என்றாள். சாக்கில் இருக்கின்றன என்றதற்கு, கழுதைக்கு மூச்சு முட்டும் என்று கவலைப்பட்டாள். சரியாகிவிட்டது என்று நினைத்தேன். என் அவசரம்.

அப்போதுதான் உள்ளே உன் குக்கர் விசில் அடித்தது. பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டுக் கைகளைக் கோத்துத் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். "இனிமே வேணாம்டா, இறக்கிடு. டீச்சர் சொல்றேன்ல" என்றேன். பேசலாம் என்று நான் சொன்னதைக் கேட்டவள் இதைக் கேட்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"நீங்க சொல்லலையே டீச்சர். அவன்தானே சொன்னான், வர்ற வரைக்கும்னு."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் வர மாட்டான் என்பதையும் சொன்னேன், அதைச் சொல்லவும் வாய் வந்தது எனக்கு. தெரியும் என்கிறாள். தெரிந்தும் தூக்கிக்கொண்டிருக்கிறாள். கை நடுங்குகிறது, இறக்க மாட்டேன் என்கிறாள். நீ குக்கரை இறக்கிவிட்டு வெளியே வந்தபோது நாங்கள் போய்விட்டிருந்தோம் என்று கோபப்பட்டிருப்பாய். அவளை அப்படியே, கைகளைத் தூக்கியபடியே, அவள் அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். நீ அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். உன்னிடம் எதையாவது மறைப்பதே எனக்குப் பழக்கமாகிவிட்டது, இதை மறைக்கவில்லை.

அவளுக்குப் பேச்சை நிறுத்தியது நான், அதை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையைத் தூக்கச் சொன்னது பட்டாணி. போதும், இறக்கு என்று அவனுக்குப் பதிலாகச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். இதை உன்னிடம் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. உனக்குப் பிள்ளை போனதற்குமேல் இதுவும் உன் தலையில்தான் விடிகிறது. முடியாது என்றால் பக்கத்து கவுண்டர்காரியிடம் சொல்லி வை.

அடுத்த புதன்கிழமை அவளுக்கு டாக்டரைப் பார்க்கிற நாள். சீட்டு வாங்க முதலில் உன் கவுண்டருக்குத்தான் வருவாள்.

அண்ணி